மகாநாட்டுத் தீர்மானமும் மக்கள் சம்மதமும்



ஸ்தல ஸ்தாபனங்களின் பிரதிநிதிகள் மகாநாடு கூடித் தீர்மானங்கள் செய்வது பல தேசங்களிலும் உள்ள வழக்கம். "ஏகமனதாக நிறைவேறியது" என்று படித்ததும், காரியம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். அத்தகைய தீர்மானத்துக்கு எவ்வளவு பலம் உண்டு, அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆஸ்திரேலியா தேசத்தின் அனுபவத்தைக் கொண்டு இன்று விசாரிக்க விரும்புகிறேன்.

அத்தேசத்தில் 500-க்கு மேற்பட்ட ஸ்தல ஸ்தாபனங்கள் இருக்கின்றன. அவற்றின் பொதுச் சங்கம் 1947-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அச்சங்கத்தின் ஆதரவில் 1994 முதல் தலைநகரமாகிய கான்பெராவில் தேசிய மகாசபை கூடிவருகிறது. அங்கே ஒருவர் எழுந்து, மனத்தில் தோன்றியதைப் பிரேரேபிக்க இயலாது. பிரேரணை முதலில் அவரவர் ஊர்ச் சபையில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். ஓர் ஊரின் குறையாக மட்டும் இராமல், தேசத்திலுள்ள எல்லாச் சபைகளுக்கும் பொதுவான விஷயமாக இருக்க வேண்டும். மத்திய அரசாங்கம் இன்ன காரியத்தைச் செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். குறித்த தேதிக்குள் எழுத்து மூலம் அனுப்பியாகவும் வேண்டும்.

வோட்டு எடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. சபை ஒன்றுக்கு வோட்டு ஒன்றுதான். பிரிஸ்பேன் நகரசபையின் எல்லைக்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கிறார்கள். அதே குவீன்ஸ்லாந்து மாகாணத்தின் மேற்குக் கோடியில், வறண்ட பிரதேசத்திலுள்ள டயமண்டினா சபையின் கீழ்ச் சில நூறு பேரே வசிக்கிறார்கள். இரண்டுக்கும் அங்கே ஒரே வோட்டுரிமை. பிரதிநிதியின் கையில் இருப்பது அவருடைய சொந்த வோட்டு அன்று. அவரை அனுப்பிய சபையின் வோட்டு. ஆகையால் கட்சி அபிமானத்தையும் சொந்த விருப்பு வெறுப்பையும் ஒதுக்கிவிட்டு அவர் கை தூக்க வேண்டியவராகிறார்.

இவ்வளவு கட்டுப்பாட்டுடன் நிறைவேறும் தீர்மானம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமா என்றால், கட்டுப்படுத்தாது. அது பொதுச் சங்கத்தின் கொள்கையாகக்கூடத் தானே ஆகிவிடுவதில்லை. சங்கத்தின் நிர்வாகிகள் அதைப் பரிசீலிக்கிறார்கள். பின்பு சம்பந்தப்பட்ட மந்திரிக்கு எழுதி, வரும் பதிலை எல்லாச் சபைகளும் அறியும்படி வெளியிடுகிறார்கள். தீர்மானம் ஒரு விண்ணப்பமே. ஆனால் தேசம் முழுவதன் கையொப்பமும் பெற்ற விண்ணப்பம்.

இத்தகைய விண்ணப்பத்தால் பயன் உண்டா? உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். மத்திய அரசாங்கம் ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பொது உதவித் தொகை அளிப்பது 1974-75-இல் தொடங்கியது. 1996-இல் அத்தொகை மத்திய வரி வருமானத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் இருந்தது. பின்னர் ஏறக்குறைய அதில் பாதியாகக் குறைந்துவிட்டது. பழைய விகிதத்தைத் திரும்பத் தரவேண்டுமென்று சபைகள் பன்முறை கேட்டும் அது கைகூடவில்லை. சாலைகளின் விஷயத்திலோ ஓரளவு வெற்றி கிடைத்தது. ஸ்தலச் சாலைகளுக்கென்று 2001-இல் தொடங்கிய மத்திய நிதியை, வருஷம் 50 கோடி டாலரிலிருந்து படிப்படியாக 100 கோடி டாலராக உயர்த்துவதாக அரசாங்கம் 2023-இல் அறிவித்தது. பழுதான சாலையையும் பாலத்தையும் கணக்கெடுத்து, ஒரே கோரிக்கையை இடைவிடாமல் எடுத்துச் சொல்லிவந்ததற்கு இதிலும் பங்குண்டு.

இனி, எல்லாவற்றிலும் பெரிய படிப்பினைக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் மத்திய அரசியல் சாசனத்தில் ஸ்தல ஸ்தாபனம் என்ற பேச்சே இல்லை. அவற்றை ஆக்கவும் அழிக்கவும் மாகாணச் சட்டங்களுக்கு அதிகாரம் உண்டு. இக்குறையை நீக்க வேண்டுமானால் பொதுஜனங்களின் வோட்டை எடுக்க வேண்டும். தேச முழுவதிலும் பெரும்பான்மையும், பெரும்பாலான மாகாணங்களில் பெரும்பான்மையும் கிடைக்க வேண்டும். மத்திய அரசாங்கம் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு நேராகப் பண உதவி செய்ய வகைசெய்யும் திருத்தம் 1974-இல் ஜனங்கள் முன் வைக்கப்பட்டது. நூற்றுக்குச் சுமார் 47 பேர் ஆதரித்தார்கள். ஒரே மாகாணத்தில்தான் அது ஜயித்தது. ஸ்தல ஸ்தாபனங்களுக்குச் சாசனத்தில் இடமளிக்கும் திருத்தம் 1988-இல் வந்தபோது ஆதரவு நூற்றுக்குச் சுமார் 34-ஆகச் சுருங்கியது. ஒரு மாகாணத்திலும் ஜயம் இல்லை. மூன்றாம் முறையாக 2013-இல் பார்லிமெண்டு மசோதாவை நிறைவேற்றியும், தேர்தல் தேதி முன்னதாக மாற்றப்பட்டதால் வோட்டெடுப்பே நடவாமல் போயிற்று.

1988-இன் தோல்விக்கு எதிர்க்கட்சியாரின் எதிர்ப்பும் ஒரு காரணந்தான். ஆயினும் சபைகளின் சங்கங்கள் ஆதரித்த ஒரு காரியத்தை, அச்சபைகளைத் தேர்ந்தெடுத்த ஜனங்களே நிராகரித்தார்கள் என்பதை மறக்கலாகாது. மேடைமேல் கிடைத்த சம்மதம் வேறு, வீதியில் கிடைக்க வேண்டிய சம்மதம் வேறு. முன்னதைப் பெறுவதற்கு ஒரு பிற்பகல் போதும். பின்னதற்கு வருஷக்கணக்கான உழைப்பு வேண்டும்.

அங்கத்தினர்களே! நம் தேசத்தில் பஞ்சாயத்துகளுக்கு அரசியல் சாசனத்திலேயே இடம் உண்டு. 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் அமலில் இருக்கிறது. கிராம சபையும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியச் சபைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் பேறு இது. இதை உபயோகிக்கும் பொறுப்பு உங்களுடையது. மகாநாட்டுக்குப் போகுமுன் விஷயத்தைக் கிராம சபையில் வைத்து, ஜனங்களின் அபிப்பிராயத்தை அறிந்துகொள்ளுங்கள். கோரிக்கையைச் சுருக்கமாகவும் கணக்கோடும் எழுதுங்கள். திரும்பி வந்ததும், எதற்கு ஆதரவாக வோட்டளித்தீர்கள், என்ன காரணத்தால் என்பதை ஊராருக்குச் சொல்லுங்கள். அரசாங்கத்தின் பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள். கோரியது கிடைக்கவில்லையானால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஊரார் தம்முடையது என்று கருதும் தீர்மானத்தையே எந்த அரசாங்கமும் எளிதில் தள்ளிவிடத் துணியாது.