கண்ணில் தெரியும் இதய நோய்

பார்வை மங்கினால் கண்ணாடி தேவை. முதுமையில் மங்கினால் கண்புரை என்பதே பொதுமக்களின் எண்ணம். இதயமும் இரத்தக் குழாய்களும் பழுதுற்றாலும் பார்வை போகக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை.

உடலைக் கீறாமலே நுண்ணிய தமனிகளை நேரில் காண இடந்தருவது விழித்திரை. 1851-இல் ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆஃப்தல்மாஸ்கோப் கருவியை அறிமுகம் செய்தபின் இது எளிதாயிற்று. 1939-இல் கீத், வேகனர், பார்க்கர் என்னும் அமெரிக்க மருத்துவர்கள், உயர் இரத்த அழுத்தம் விழித்திரையில் விளைவிக்கும் மாற்றங்களை நான்கு நிலைகளாக வகுத்தனர். முதலில் தமனிகள் ஒடுங்குகின்றன. பின்னர் இரத்தம் கசிகிறது. இறுதியில் பார்வை நரம்பின் முனை வீங்குகிறது. நிலை உயர உயர நோயாளியின் ஆயுள் குறைவதையும் அவர்கள் கண்டனர். தொடக்க நிலைகளில் நோயாளிக்குப் பார்வைக் குறை எதுவும் தோன்றுவதில்லை என்பதே இதிலுள்ள இடர்.

மற்றோர் இடர் திடீரென நேர்வது. இதயத் துடிப்பு சீர்கெட்டால் இதயத்தினுள் இரத்தம் உறையலாம்; கழுத்துத் தமனியில் கொழுப்பு படியலாம். அவற்றிலிருந்து பெயர்ந்த துணுக்கு விழித்திரைத் தமனியை அடைத்தால், வலியே இன்றி ஒரு கண் இருண்டுவிடும். சில மணி நேரத்திற்குள் விழித்திரை மீளாச் சிதைவுறும். சிலருக்குத் திரை விழுந்தாற்போல் மறைந்த பார்வை, சில நிமிடங்களில் திரும்பிவிடுகிறது. அதனைக் குணம் என்று கருதுதல் பெரும் பிழை. அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

இந்தியாவில் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-இல் தொடங்கியது. நீரிழிவு, புற்றுநோய், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கான தேசியத் திட்டம் 2010-இல் வந்தது. திட்டங்கள் இரண்டாயினும் அவற்றை நாடி வருபவர் ஒருவரே. கண் சிகிச்சை முகாமில் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதாகக் கூறி அறுவையை ஒத்திவைப்பதோடு கடமை முடிவதில்லை. அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு பெற்று, மருந்தைத் தொடர்ந்து உட்கொள்கிறாரா என்று பார்ப்பதும் அதே கடமையின் பகுதி. அவ்வாறே, இரத்த அழுத்தத்திற்கு மருந்து பெறுவோரிடம், "ஒரு கண்ணில் எப்போதேனும் பார்வை சற்றே மறைந்ததுண்டா?" எனச் சுகாதாரப் பணியாளர் கேட்டறிதல் வேண்டும்.

இக்கேள்விக்குச் செலவு ஏதுமில்லை. கேளாது விட்டால் இழப்பு பார்வையோடு நில்லாமல் உயிரையும் எட்டக்கூடும்.