முதலாவதாக வந்த பிள்ளை

தோட்டத்துப் பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை, பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் தொலைபேசியில் உற்சாகமின்றிப் பேசுவதேன்? அங்கே பலரும் தத்தம் பள்ளியில் முதலாவதாக வந்தவர்கள். வகுப்பில் பாதிப் பேர் கீழ்ப்பாதியில்தான் நிற்க வேண்டும், கணக்கு அப்படி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1968இல் முதலாண்டு மாணவர்களுக்குத் தரக் குறியீடுகளை நிறுத்தி, தேர்ச்சியை மட்டும் குறித்தது. இன்றும் முதல் பருவத்தில் தேறாத பாடம், வெளியாருக்குக் காட்டும் பட்டியலில் ஏறாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் 2014இல் முதல் பருவ மதிப்பெண்ணை மொத்தக் கணக்கில் சேர்க்காத முறையைத் தொடங்கியது. பாடம் இளகிவிடவில்லை, தேர்வும் உண்டு. பழகிக்கொள்ள அவகாசம், அவ்வளவுதான். மரம் வெட்டப் பழகுகிறவருக்கு முதல் நாளே முழு வேலையா கொடுக்கிறோம்?

பிள்ளையிடம் மட்டும் நாம் முதலில் கேட்பது, “வகுப்பில் எத்தனையாவது?” சாப்பிட்டாயா என்பது அப்புறம்.