பெட்டகத்திலே பூட்டிய சாட்சி

(சட்ட விளக்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



உங்கள் காணியின் உறுதி எதிராளியின் பெட்டகத்திலே பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நியாயம் என் பக்கமே என்று முழங்கினால் போதுமா? பெட்டகத்தைத் திறக்கச்செய்யும் வழி வேண்டும். அமெரிக்காவிலே பொலிசாருக்கு எதிராக வழக்காடுவோரின் நிலையும் இதுவே. நடந்ததைக் கண்ட கமரா பொலிசாரின் மார்பிலும் வண்டியிலும் இருக்கிறது. அதன் பதிவும் அவர்கள் காவலிலேயே கிடக்கிறது.

2014 ஒக்டோபர் 20 ஆந் திகதி சிக்காகோ நகரில், லக்குவான் மக்டொனால்ட் என்ற 17 வயதுக் கறுப்பின இளைஞனைப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் 16 முறை சுட்டார். கத்தியை வீசியபடி அவன் நெருங்கினான் என்றன பொலிஸ் அறிக்கைகள். அவன் விலகி நடந்ததைக் காட்டியது வண்டிக் கமரா. அந்தப் படம் வெளிவர 13 மாதங்கள் சென்றன. பத்திரிகையாளர் ஒருவர் தகவற் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வழக்காடி வென்ற பின்னரே அது வெளிவந்தது. சுட்டவர் 2018 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

பாதிக்கப்பட்டவருக்கு இன்னொரு வாயிலும் உண்டு. அதுவே குடியியல் வழக்கு. அரச அதிகாரத்தைக் கொண்டு உரிமையைப் பறித்தவரிடம் நட்டஈடு கோர 1871 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. வழக்கு உரிய கட்டத்தை அடைந்ததும், சமஷ்டிக் குடியியல் நடைமுறை விதிகளில் 34 ஆம் விதிப்படி, எதிராளியிடமுள்ள பதிவுகளை எழுத்திலே கோரலாம். 30 நாட்களுள் அவர் மறுமொழி தரவேண்டும். தகுந்த காரணமின்றி மறுத்தால், 37 ஆம் விதியின் கீழ் நீதிமன்றக் கட்டளையை நாடலாம். அயற்கடைக் கமராவின் பதிவு வேண்டுமாயின், 45 ஆம் விதிப்படி அழைப்பாணை அனுப்பலாம். படத்தைப் பிறருக்குக் காட்டலாகாது என்ற நிபந்தனையோடு நீதிபதி கட்டளையிடுவதும் உண்டு.

ஆனால், இவ்வளவும் பதிவு அழியாதிருந்தால் அல்லவா? பதிவுகளை ஒரு காலவெல்லையின் பின் அழித்துவிடுவது பல பொலிஸ் இலாகாக்களின் வழக்கம். ஆகவே, வழக்குக்கு முன்னரே ஒரு கடிதம் போகவேண்டும். நாள், நேரம், இடம், வண்டி இலக்கம், உத்தியோகத்தர் பெயர் ஆகியவற்றைத் தெரிந்தவரை குறித்து, சகல கமராப் பதிவுகளையும் பேணிவைக்குமாறு கேட்கவேண்டும். பதிவு இழக்கப்பட்டால் அக்கடிதமே எதிராளி முன்னரே அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று. வேண்டுமென்றே ஒழித்தார் என்று நிறுவினால், அது அவருக்குப் பாதகமானது எனக் கொள்ளும்படி ஜூரிமாருக்கு நீதிபதி சொல்லலாம். வெறுங் கவனக்குறைவு இதற்குப் போதாது. 2015 டிசம்பர் முதல் உள்ள விதி இது.

ஓர் எச்சரிக்கையும் சொல்வேன். 2007 இல் முடிந்த ஸ்காட் எதிர் ஹரிஸ் வழக்கிலே, வாதி சொன்ன கதையை வீடியோப் படமே பொய்யாக்கியது. அமெரிக்க உயர் நீதிமன்றம் பொலிசார் பக்கமே தீர்ப்பளித்தது. ஆதலால், சாட்சியம் கொடுக்குமுன் படத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கமராவுக்கு உறவுமில்லை, பகையுமில்லை. அதைப் பூட்டி வைத்திருப்பவருக்கே அவை உண்டு. திறவுகோலைச் சட்டம் தந்திருக்கிறது. காலம் கடக்குமுன் அதை எடுத்துத் திறப்பதே நம் கடமை.