எழுதும் கைக்கு ஒரு துணை

(மகளிர் நாளையொட்டி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



தாய்மையின் சிறப்பைப் பாடநூல்களிலும் மேடைகளிலும் நிறையப் பேசுகிறோம். தாயான ஒரு பெண் எழுத்தாளராகவும் வாழ என்னென்ன தேவைப்பட்டது என்பதை வகுப்பில் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதை மூன்று தமிழ் எழுத்தாளர்கள் வழியே பார்க்கலாம்.

வை.மு.கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர். ஐந்து வயதிலேயே திருமணம். பள்ளிக்கூடம் போனதில்லை. கதை சொல்வதில் வல்லவர். ஆனால், எழுதப் பழகியிருக்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 'இந்திர மோகனா' நாடகம் அப்படித்தான் உருவானது. 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார்; நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார்.

துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மாவுக்குப் பருவ வயதில் படிப்பு நிறுத்தப்பட்டது. திருமணத்திற்குப் பின் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் எழுதினார். அந்தத் தாள்களை வெளியே கொண்டு சேர்க்க உதவியவர் அவருடைய அம்மா. 'சல்மா' என்பதே புனைபெயர்தான். சொந்தப் பெயரில் எழுத முடியாதவர், புனைபெயரில் தன் அடையாளத்தைத் தேடிக்கொண்டார். 2000இல் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது.

இருவருக்கும் திறமை இருந்தது. அதை ஏட்டுக்கும் உலகுக்கும் கொண்டுவர இன்னொருவர் கை தேவைப்பட்டது. பள்ளியில் அந்தக் கை நம்முடையதாக இருக்கலாம்.

மூன்றாமவர் அம்பை. 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்ற அவரது கதையில், அம்மாவையே உலகமாக நினைக்கும் ஒரு சிறுமி வருகிறாள். அவள் பூப்பெய்தியதும் அம்மா சொல்லும் கடுஞ்சொல் அவளை நொறுக்கிவிடுகிறது. அம்மாவும் கவலையும் சினமும் உள்ள ஒரு மனுஷிதான் என்பதை அக்கதை மறைக்கவில்லை.

நம் வகுப்பில் 'என் அம்மா' கட்டுரை எப்படி இருக்கிறது? அதிகாலையில் எழுவார், நமக்காக உழைப்பார், தெய்வம் போன்றவர். நாற்பது ஏடுகளிலும் ஏறக்குறைய இதுவேதான். பிள்ளைகள் தம் அம்மாவைப் பற்றி எழுதுவதில்லை. நாம் எதிர்பார்ப்பதை எழுதுகிறார்கள்.

தலைப்பைச் சற்று மாற்றிப் பார்ப்போம். அம்மா எந்த வகுப்புவரை படித்தார்? சிறுவயதில் என்னவாக விரும்பினார்? எப்போது தனக்கென்று உட்காருகிறார்? கேட்டு எழுதிவரச் சொல்வோம். அம்மா இல்லாத பிள்ளை பாட்டியையோ அத்தையையோ கேட்கட்டும். ஒன்றாம் இரண்டாம் வகுப்புக் குழந்தை வாயால் சொல்லட்டும்; பட்டம்மாளைப் போல நாம் எழுதிக்கொள்வோம்.

"அம்மாவுக்கு என்மேல் கோபம்" என்று ஒரு மாணவி எழுதினால் சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். அவள் சம்மதமின்றி வகுப்பில் படித்துக்காட்டவும் வேண்டாம். அந்த எழுத்தில் வன்முறையோ குழந்தைத் திருமணமோ தெரிந்தால், அது மொழிப்பாடத்தோடு முடியும் செய்தி அன்று. உடனே தலைமையாசிரியரிடம் சொல்லி, 1098 எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சமையலும் பாடக்குறிப்பும் முடிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிவைத்தவை உங்களிடமும் இருக்கும். வாரத்தில் ஒரு பக்கமாவது எழுதுங்கள். எழுதும் ஆசிரியரைப் பார்க்கும் மாணவிக்குத் தானும் எழுதலாம் என்ற துணிவு வரும்.