பாட்டுக்குக் கீழே யார் பெயர்?
புதிய ராப் ஆல்பங்கள் குறித்து ஒரு பேச்சு

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



புதுசா வந்திருக்கிற ராப் ஆல்பங்களைப் பற்றிப் பேசணும்னு கூப்பிட்டாங்க. ‘ராப்புல பேச என்ன இருக்கு, அது கத்துறதுதானே’ என்று நினைக்கிற பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘இந்தாளுக்கு ராப் பத்தி என்னா தெரியும்’ என்று நினைக்கிற தம்பி தங்கச்சிகள் பின்வரிசையில் இருக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பேசியாக வேண்டும்.

வளர்ந்துவரும் கலைஞர்களாக அறியப்பட்ட நேரத்தில் ஆல்பம் வெளியிட்ட மூன்று பேரை எடுத்துக்கொள்கிறேன். ரெண்டு பேர் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள், ஒருத்தர் நம்ம ஊர்க்காரர். போன வாரம் வெளியானதை நான் எடுக்கவில்லை. வெளியான வாரத்தில் சொல்லப்படுகிற கருத்து பெரும்பாலும் விளம்பரத்தின் எதிரொலியாகத்தான் இருக்கிறது. கொஞ்ச காலம் காதில் கிடந்த பிறகு எது நிற்கிறது என்று பார்ப்பதுதான் விமர்சனம்.

அமெரிக்காவை ஏன் இங்கே இழுக்கிறாய் என்று கேட்கலாம். 1972இல் பம்பாயில் நம்முடைய தோழர்கள் ஓர் இயக்கம் கட்டியபோது, கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். அந்த உறவு பழசு. அதோடு, இன்றைக்கு நான் பேசப்போவதே பெயரைப் பற்றித்தான். ஒரு பாட்டுக்குக் கீழே யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி ராப்புக்கு வெளியே இருந்து நான் கொண்டுவந்து ஒட்டியது அல்ல, அது பிறந்த இடத்திலேயே இருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு நடன விருந்து நடத்தினார். பள்ளி திறக்கப்போகிறது, புதுத்துணி வாங்கக் காசு வேண்டும், அதற்காக. அங்கே இசைத்தட்டைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுவது அந்த ராத்திரியைத்தான். அண்ணன் பெயர் எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தைக் கூட்டிய தங்கச்சி பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது 1979. ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற இசைத்தட்டு வெளியாகிறது. நாடு முழுக்கப் போய்ச்சேர்ந்த முதல் ராப் வெற்றி அதுதான். அதில் பாடிய மூன்று பேரில் ஒருவர் பிக் பேங்க் ஹாங்க். பிட்சா கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் பாடிய வரிகள் அவருடையவை அல்ல. பிராங்ஸைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவரின் நோட்டிலிருந்து வந்தவை. எழுதியவர் தன் பட்டப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்கிற இடம் ஒன்று அதில் உண்டு. எடுத்துப் பாடியவர் அதைக்கூட மாற்றவில்லை, அப்படியே பாடிவிட்டார். பாட்டுக்குள்ளே காஸின் பெயர் ஒலித்தது, இசைத்தட்டின் மேலே அது அச்சாகவில்லை. காசும் அவருக்குப் போய்ச்சேரவில்லை. பரம்பரை பரம்பரையாக நம்மாளுங்க பறையடிச்ச கல்யாணப் பத்திரிகைல அடிச்சவன் பேரு இருந்துச்சா? அந்தக் கதைதான் அங்கேயும்.

இதை மனசில் வைத்துக்கொண்டு அந்த மூன்று பேரிடம் வருகிறேன்.

முதலில் சிகாகோவைச் சேர்ந்த நோநேம். அந்தச் சொல்லுக்கே ‘பெயரில்லை’ என்றுதான் பொருள். பாட்டி தாத்தாவிடம் வளர்ந்த பெண். அம்மா கறுப்பின நூல்களுக்கான புத்தகக்கடை நடத்தியவர். ஆரம்பத்தில் இவர் பெயரில் இன்னொரு சொல் ஒட்டியிருந்தது, ‘ஜிப்சி’ என்று. அது ஐரோப்பாவின் ரோமா மக்களை இழிவுபடுத்துகிற சொல் என்று தெரியவந்ததும் 2016இல் அதை அறுத்தெறிந்தார். தோழர்களே, நம் சாதிப் பெயரை வசைச்சொல்லாக ஆக்கி, அதைச் சினிமா வசனத்திலும் நகைச்சுவையிலும் கூச்சமில்லாமல் சொல்கிற கலைஞர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு சின்னப் பெண் செய்ததை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அதே 2016இல் வந்தது ‘டெலிபோன்’. பத்தே பாட்டு. எந்தப் பெரிய நிறுவனமும் பின்னால் இல்லை. இலவசமாகவே கேட்கக் கொடுத்தார். சிகாகோவில் சாகிற கறுப்பின இளைஞர்களைப் பற்றி ஒரு பாட்டு, கருக்கலைப்பைப் பற்றி ஒரு பாட்டு, தன் சாவுச்சடங்கைக் கற்பனை பண்ணி ஒரு பாட்டு. இதையெல்லாம் சத்தம் போடாமல், பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரலில் சொல்கிறார். ராப் என்றால் கத்துவது என்கிறவர்களுக்கு என் பதில் இந்த ஆல்பம்தான். எனக்குக் குறையும் உண்டு. அந்த மென்மையான இசை சில இடங்களில் சொல்லின் கனத்தைத் தாலாட்டித் தூங்க வைத்துவிடுகிறது. சாவுச்சேதி காதில் இதமாக விழுந்து போய்விடுகிறது. ஆனால் நிகழ்ச்சி நடத்திச் சம்பாதித்த காசிலேயே 2018இல் ‘ரூம் 25’ ஆல்பத்தையும் வெளியிட்டார். 2019இல் ஒரு புத்தக வாசிப்பு வட்டம் தொடங்கி, சிறைக்குள் இருப்பவர்களுக்கும் நூல்கள் அனுப்ப ஏற்பாடு செய்தார். பெயரில்லாதவள் என்று சொல்லிக்கொண்டவர்தான் தன் பாட்டுக்குத் தானே உடைமையாளராக நின்றார்.

இரண்டாவது டோச்சி. ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்துப் பெண். பள்ளியில் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளான வயதில், இந்தப் பெயரைத் தன் நோட்டில் தானே எழுதித் தனக்குச் சூட்டிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். ஊர் வைக்கிற பட்டப்பெயரோடு பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு இது புரியும். 2024 ஆகஸ்டில் இவருடைய ‘அலிகேட்டர் பைட்ஸ் நெவர் ஹீல்’ வந்தது. முதலைக்கடி ஆறாது என்கிறது தலைப்பு. 2025 பிப்ரவரியில் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது. லாரின் ஹில், கார்டி பி ஆகியோருக்குப் பிறகு அந்த விருதைப் பெற்ற மூன்றாவது பெண் இவர்.

விருதுக்காக நான் பாராட்டவில்லை. இந்த ஆல்பத்தில் சிரிப்பு இருக்கிறது. ஒரு பாட்டில் தன் மனசோடு தானே வைத்தியர் மாதிரிப் பேசி, தன் சறுக்கல்களைச் சொல்லிச் சிரிக்கிறார். இன்னொன்றில், ‘ராப்புன்னா இப்படித்தான் இருக்கணும்’ என்று சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணுகிறவர்களைக் கிண்டலடிக்கிறார். ஒடுக்கப்பட்டவள் வாயைத் திறந்தால் அழணும், இல்லாட்டி ஆத்திரப்படணும் என்று எதிர்பார்க்கிறார்களே, அந்தக் கட்டளையை மீறுகிறது இந்தச் சிரிப்பு. பத்தொன்பது பாட்டு என்பது அதிகம், நாலைந்தை எடுத்துவிட்டிருக்கலாம் என்பது என் கருத்து. அதோடு, நோநேம் மாதிரி இவர் தனியாக நிற்கவில்லை, நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டவர். ஒப்பந்தம் போடுவதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். வயிறு இருக்கிறது, வாடகை இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறோமா என்பதே கேள்வி.

மூன்றாவது, நம்ம அரக்கோணத்து அறிவு. 2019இல் ஆஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ வெளியிட்டார். தெரு என்ற சொல்லை எடுத்துக் குறளுக்குப் பக்கத்தில் வைத்த அந்தத் தலைப்பே ஒரு கலகம். 2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்களே, அதில் ஒருத்தியான ஸ்னோலின் பெயரிலேயே அதில் ஒரு பாட்டு இருக்கிறது. எண்ணிக்கையாகிப் போனவளுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுக்கிற வேலை அது. சில பாட்டுகளில் முழக்கம் கவிதையை முந்திக்கொண்டு ஓடுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம்ம புள்ளைங்கிறதுக்காகக் கைதட்டிட்டுப் போனா அது விமர்சனம் இல்ல.

பிறகு 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து எழுந்த சொற்கள். உலகமே பாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டைப் பாடிய தீயின் முகம் இருந்தது, எழுதிப் பாடிய அறிவின் முகம் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்படப் பலர் கேள்வி கேட்டார்கள். 2022இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் மேடையில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு பாடப்பட்டது. அதன் இசையில் யார் பங்கு எவ்வளவு என்று அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் பொதுவெளியில் ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 1979இல் காஸுக்கு நடந்ததும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் பாட்டு உலகம் சுற்றுகிறது, எழுதினவன் தன் பங்கைச் சொல்லி வாதாட வேண்டியிருக்கிறது என்ற அளவில் ரெண்டுக்கும் உறவு இருக்கிறது.

அதற்குப் பிறகு 2024இல் அவர் வெளியிட்ட தனி ஆல்பத்தின் தலைப்பைப் பாருங்கள்: ‘வள்ளியம்மா பேராண்டி’. பேராண்டி என்று சொல்லும்போதே பாட்டி பெயர் முன்னால் வந்துவிடுகிறது. இனி யாரும் அந்தக் கிழவியை விட்டுவிட்டு அச்சடிக்க முடியாது. ‘காலா’வில் தொடங்கிச் சினிமாவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறவர், சினிமா கேட்காத ஒன்றைச் செய்ய ஆல்பத்துக்குத் திரும்பினார். படத்துக்கு எழுதும்போது நாயகனுக்காகத்தான் பேச முடியும். தன் வம்சத்தைப் பேச ஆல்பம் வேண்டியிருக்கிறது.

இனி பின்வரிசைக்குச் சொல்கிறேன். செல்போன்லயே பாட்டு கட்டுற தம்பி, தங்கச்சி, நீங்க எழுதின அந்த நிமிஷமே அந்தப் பாட்டின் காப்புரிமை உங்களுடையது, பதிவு செய்தால்தான் என்று இல்லை. 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, ஒலிப்பதிவில் இடம்பெறும் பாட்டுக்கு அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வர வேண்டிய உரிமத்தொகைப் பங்கை நிறுவனம் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து ஆண்டுதான் செல்லும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, இதை எழுதியது நான்தான் என்று உரிமை கோருவது. உரிமையை விற்ற பிறகும் அது உங்களிடமேதான் இருக்கும். பறை அடித்தவர், கோரஸ் பாடிய அக்கா, எல்லார் பெயரையும் நீங்களும் போடுங்கள். மேல இருக்கிறவன் நமக்குச் செஞ்சதை நாம கீழ இருக்கிறவங்களுக்குச் செய்யக்கூடாது.

முன்வரிசைக்கும் ஒரு வேண்டுகோள். ரீல்ஸில் ஓடுகிற முப்பது வினாடியை வைத்து இந்தப் பிள்ளைகளைத் தீர்மானிக்காதீர்கள். ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேளுங்கள், பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். நம் பத்திரிகைகள் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை போடுகிற மாதிரி ஆல்பங்களுக்கும் போட வேண்டும், குறையையும் சேர்த்து. நம் பெண்கள் பாடுகிற ராப் ஆல்பங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வியையும் இந்தக் கூட்டத்திலேயே பேசியாக வேண்டும். அதை முதலில் பேசப் பின்வரிசைத் தங்கச்சிகளைக் கூப்பிடுகிறேன்.