புல்லுருவியும் கொழுகொம்பும்



தென்காசிக்கு வடமேற்கே, மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தில் பண்பொழி என்னும் ஊர் இருக்கிறது. பசுஞ்சோலை என்று பொருள்படும் பைம்பொழில் என்ற பெயரே நாளடைவில் இவ்வாறு திரிந்தது என்பர். குன்றின்மேல் திருமலைக் குமாரசாமி கோயில். கீழே வயலும் தென்னையும் மாந்தோப்பும். குற்றாலச் சாரலை நாடி வருவோர் சற்றே விலகி இந்தப் பக்கத்து மாமரங்களை அண்ணாந்து பார்த்தால், நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கிளையிலேயே தொங்கக் காணலாம். மாவிலைகளுக்கு நடுவே மாவிலையல்லாத தடித்த இலைகள்; குழல் போன்ற செம்மஞ்சள் பூக்கள். அதுதான் புல்லுருவி.

அது மரமேறும் முறை வியப்பானது. பூங்கொத்தி என்னும் மிகச் சிறிய பறவை அதன் கனியைத் தின்கிறது. உள்ளிருக்கும் விதையோ பசைபோல் ஒட்டும் தன்மையுடையது. எளிதில் உதறிவிட முடியாமல் பறவை அதைக் கிளையில் தேய்த்துவிட்டுப் பறக்கிறது. விதைத்தாயிற்று! முளைத்த விதை மரப்பட்டையைத் துளைத்து உட்கட்டை வரை ஓர் உறிஞ்சு வேரைச் செலுத்தி, மரம் மண்ணிலிருந்து பாடுபட்டு ஏற்றிய நீரையும் உப்புகளையும் பருகத் தொடங்குகிறது. இலை பசுமையாதலின் வெயிலில் தன் உணவைப் பெரும்பாலும் தானே சமைத்துக்கொள்ளும். ஆகவே இது அரை ஒட்டுண்ணி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மழை பொய்த்த காலத்தில் மரம் தன் இலைத்துளைகளை மூடி நீரைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. புல்லுருவியோ அப்போதும் மரத்தினும் மிகுதியாக நீரை ஆவியாக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. அது பற்றிய இடத்துக்கு அப்பாலுள்ள கிளைநுனி வாடிக் காய்கிறது.

இவ்வளவு சொன்னதும் புல்லுருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தோன்றும். பொறுங்கள். ஆஸ்திரேலியாவில் சில காடுகளில் புல்லுருவி வகைகளை முற்றும் அகற்றிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, அங்கிருந்த பறவையினங்களில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்திருந்தது. 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இது. ஒரு மரத்துக்குத் தீங்கானது ஒரு காட்டுக்கு உணவாக இருக்கிறது.

பெயரைக் கொண்டு இயல்பை அளப்பது எவ்வளவு தவறு என்பதற்குச் சந்தனமே சான்று. நாம் நெற்றியில் இடும் சந்தனத்தைத் தரும் மரமும் அரை ஒட்டுண்ணியே! மண்ணுக்கடியில், யாரும் அறியாமல், அதன் வேர் அயல்மரங்களின் வேரைப் பற்றி உறிஞ்சுகிறது. 1871இல் ஜான் ஸ்காட் என்பார் இதை வெளிப்படுத்தினார். நாற்றங்காலில் சந்தனக் கன்றுக்குத் துணையாகத் துவரையை வளர்ப்பதும் இதனால்தான். மறுபுறம் ஆலமரத்தைப் பாருங்கள். பனையின் மட்டை இடுக்கில் பறவை எச்சத்தால் முளைக்கும் ஆல், பனையின் சாற்றில் ஒரு துளியும் பருகுவதில்லை. அதனால் தாவர நூலார் அதை ஒட்டுண்ணி என்பதில்லை. ஆயினும் அதன் விழுதுகள் பனையைச் சுற்றிப் பின்னி, தழைகள் மேலே வெயிலை மறைத்து, பல ஆண்டுகளில் பனையையே மடித்துவிடக் கூடும். சோளக் கொல்லையில் தோன்றும் சுடுமல்லி இன்னொரு வகை. அழகிய பூ, ஆனால் மண்ணுக்கு மேலே அது தலைகாட்டு முன்பே சோளத்தின் வேரில் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

முல்லைக் கொடியும் சார்ந்து வாழ்வதே. கொழுகொம்பின்றி அது எழாது. ஆனால் கொம்பின் சாற்றை அது தொடுவதில்லை. அதற்குத் தன் தேரையே நிறுத்திக் கொடுத்தான் பறம்புமலைப் பாரி என்று நம் மரபு போற்றுகிறது. அந்தப் பாரியைச் சார்ந்து வாழ்ந்தவர் கபிலர். பரிசில் பெற்று வாழ்ந்த புலவரை ஒட்டுண்ணி என்று சொல்லத் துணிவீர்களா? பாரி மாண்டபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு, அவர்களுக்கு மணமகனைத் தேடி அரசர் வாயில்தோறும் நடந்தவர் அவர்தாமே! கொடுத்தவன் போன பிறகும் அங்கே கணக்கு நேர்செய்யப்பட்டது.

ஆதலால் ஒருவர் மற்றொருவரைச் சார்ந்திருக்கிறாரா என்று கேட்பது பயனற்ற கேள்வி. குழந்தை சார்ந்திருக்கிறது, முதியோர் சார்ந்திருக்கின்றனர், கல்லூரியில் படிக்கும் நீங்களும், அன்பர்களே, ஒருவர் உழைப்பைச் சார்ந்தே படிக்கிறீர்கள். எது எந்தப் பக்கம் பாய்கிறது, வறட்சிக் காலத்தில் அப்பாய்ச்சல் நிற்கிறதா என்பதையே கேட்க வேண்டும்.

இதை மறந்து அச்சொல்லை மனிதர்மேல் வீசியவர்கள் செய்த கொடுமை சிறிதன்று. கிரேக்க நாட்டில் அது முதலில் மனிதரையே குறித்தது: பிறர் பந்தியில் அருகமர்ந்து உண்பவர் என்பது பொருள். தாவர நூலாரும் விலங்கு நூலாரும் பிற்காலத்தில்தான் அதைக் கடன் வாங்கினர். இருபதாம் நூற்றாண்டில் அது மீண்டும் மனிதரிடம் வந்தபோது நஞ்சேறி வந்தது. ஜெர்மனியின் நாஜிகள் யூத மக்களை ஒட்டுண்ணிகள் என்று தூற்றினர். பிறகு அறுபது லட்சம் பேரைக் கொன்றனர். சோவியத் நாட்டில் 1964இல் யோசிப் பிராட்ஸ்கி என்னும் இளங்கவிஞர்மேல் 'சமூக ஒட்டுண்ணி' என்று வழக்குத் தொடர்ந்து, தொலைவிலுள்ள வடபுலத்துக்குக் கடத்தினர். 1987இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலும் இச்சொல் வலுவற்றவர்மீதே ஒட்டப்படுகிறது. உண்மையில் உறிஞ்சுபவருக்கு ஊரில் வேறு மரியாதையான பெயர் இருக்கும்.

அவர் யார் என்று கேட்பீர்கள். தொலைவு போக வேண்டியதில்லை. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பண்பொழிக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த கூலித் தொழிலாளியின் குடும்பம், கணவன், மனைவி, இரு பெண்குழந்தைகள், அங்கே தீக்கு இரையாயிற்று. வாங்கிய தொகையைக் காட்டிலும் மிகுதியாகக் கட்டிய பின்னும் கடன் தீரவில்லை என்று நெருக்குகிறார்கள் என்பதே அவர்களது முறையீடு. முன்னரும் மனுக் கொடுத்திருந்தார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டமோ நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடைசெய்து, மூன்று ஆண்டுவரை சிறையும் முப்பதாயிரம் ரூபாய்வரை தண்டமும் விதித்திருந்தது. பதினான்கு ஆண்டுகளாக அது ஏட்டில் இருந்தது.

அவசரத்துக்கு உதவுபவர் வட்டிக்காரர்தாமே, அவரும் இல்லாவிட்டால் ஏழை எங்கே போவான் என்று வாதிப்போர் உண்டு. புல்லுருவியால் பறவை பிழைப்பதுபோலவே இதுவும் என்பார்கள். நான் இதை ஒப்பவில்லை. மாமரத்துக்கு வாயில்லை, மனு எழுதத் தெரியாது. காட்டின் கணக்கை அதன்மேல் ஏற்றலாம். மனிதனுக்கு அப்படி ஏற்ற நமக்கு உரிமை யார் தந்தது?

எனினும் அந்த வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது: கடன் தேவை பொய்யன்று. தோப்புக்காரர்கள் அறிவார்கள்; புல்லுருவியின் தழையை மட்டும் ஒடித்துப்போட்டால் கட்டைக்குள் இருக்கும் வேர் மறுபடி துளிர்க்கும். பற்றிய இடத்துக்குக் கீழே கிளையையே வெட்ட வேண்டும். அதுவும் கனி பழுப்பதற்கு முன்னர். கடனில் அந்த வேர் எது? விதைப்புக் காலத்தில் கையில் பணமில்லாமையே. ஃபிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி அன்றைய சென்னை மாகாணத்தில் இதை ஆராய்ந்து, 1890களில் அறிக்கை அளித்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு வேளாண்மைக் கடன் சங்கம் பதிவாயிற்று. அங்கே கடன் வாங்குகிறவரே சங்கத்தின் உறுப்பினர். அவர் கட்டும் வட்டி அவரும் பங்குகொண்ட பொது நிதியில் சேர்கிறது. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இத்தகைய சங்கம் ஒன்று இருக்கக்கூடும். விடுமுறையில் அதன் செயலாளரிடம் சென்று, ஆடியில் எத்தனை பேர் கடன் வாங்கினர், தையில் எத்தனை பேர் திருப்பினர், கேட்டும் கிடைக்காமல் வேறு வாசலுக்குப் போனவர் எத்தனை பேர் என்று கேட்டுவாருங்கள்.