வீட்டுக் கணினியில் தமிழுக்கு முதலிடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் படிப்பகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிலம்பும் குறளும் பேசப்பெற்ற மேடை இது. இம்மேடையில் கணினியைப் பற்றி, அதிலும் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் ‘உலாவி’ என்னும் கருவியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்தபோது, சிறிது தயங்கினோம். தயக்கத்தைப் போக்கியவர் ஒரு மூதாட்டியார்.

சென்ற மழைக்காலத்தில் நம் உறுப்பினர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய அன்னையார் எழுபத்தெட்டு வயதினர். தஞ்சைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு இவ்வூருக்கு வந்தவர். நாள்தோறும் தமிழ் நாளிதழ் படித்தே பழகியவர். பேரன் மடிக்கணினி ஒன்றை அவருக்கெனக் கொடுத்து, “பாட்டி, இனி எல்லா இதழ்களையும் இதிலேயே படிக்கலாம்” என்றிருக்கிறான். ஒரே வாரத்தில் அவர் அதை மூடி வைத்துவிட்டார். கேட்டபோது, “கண் போய்விட்டதப்பா, எழுத்தே தெரியவில்லை” என்றார். வீட்டாரும் அவ்வாறே நம்பினர். ஆனால் நாங்கள் அமர்ந்திருந்த அரை மணி நேரத்தில் அவர் முறத்து அரிசியிலிருந்து குறுநொய்யளவு கல்லைப் பொறுக்கிக் கொண்டிருந்தார்! கண்ணில் குறை இல்லை. குறை கணினியின் அமைப்பில் இருந்தது. எழுத்தின் அளவைக் கூட்ட எங்களுக்கு நான்கு நிமிடங்கள் ஆயின. அன்று மாலை அவர் மூன்று நாளைய செய்திகளையும் ஒரே மூச்சில் படித்தார் என்று கேள்வியுற்றோம். “பெரியவர்களுக்குக் கணினி வராது” என்று நம்மில் எத்தனை பேர் எத்தனை வீடுகளில் சொல்லியிருப்போம் என்று எண்ணியபோது எங்களுக்கு வெட்கமாகவே இருந்தது.

உலாவி நம் கைக்கு வரும்போது எழுத்தின் அளவு பெரும்பாலும் 16 என்று வைக்கப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்துக்கு அது போதும். தமிழுக்குப் போதாது. நம் எழுத்தில் பொருளையே மாற்றும் அடையாளம் ஒரு சிறு புள்ளி. ‘பல’ என்பதற்கும் ‘பல்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அப்புள்ளி ஒன்றே. ரகரத்தையும் துணைக்காலையும் எழுத்து சிறுக்குங்கால் எளிதில் பிரித்தறிய இயலாது. இளைஞர்கள் சொல்லின் வடிவைக் கண்டே ஊகித்துக்கொள்வார்கள். எழுத்தெழுத்தாகப் படித்துப் பழகிய முதியோரும், இப்பொழுதுதான் தமிழ் கற்கும் நம் குழந்தைகளும் திணறுவார்கள். இவ்வூர்ப் பள்ளிகளில் கன்னடமும் ஆங்கிலமும் கற்று, வீட்டில் மட்டும் தமிழ் எழுத்தைக் காணும் குழந்தைக்குப் புள்ளி தெரியாத தமிழைக் காட்டினால், அது எவ்வாறு ஆர்வம் கொள்ளும்?

செய்ய வேண்டுவது எளிது. ‘கண்ட்ரோல்’ விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் திறந்துள்ள தளம் பெரிதாகும். இது அந்தத் தளத்திற்கு மட்டும் உரிய மருந்து. நிலையான மருந்து வேண்டுவோர் ‘குரோம்’ உலாவியில் அமைப்புகள் என்னும் பகுதியைத் திறந்து, தோற்றம் என்பதற்குள் எழுத்துருக்களைத் திருத்தும் இடத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே இரண்டு கோல்கள் உண்டு. ஒன்று எழுத்தின் வழக்கமான அளவு, மற்றொன்று குறைந்த அளவு. இரண்டாவதை மறந்துவிடுகிறவர்களே மிகுதி. அதை 20 என்று வைத்தால், எந்தத் தளமும் அதற்குக் கீழே எழுத்தைச் சுருக்க இயலாது. ‘பயர்பாக்ஸ்’ உலாவி இன்னும் ஒருபடி மேல். அதில் தமிழுக்கென்று தனி எழுத்துருவும் தனி அளவும் வைக்கலாம். ஆங்கிலம் இருந்தபடியே இருக்கும். எங்கள் வாக்கு அதற்கே.

இன்றைய இளைஞர்களுக்கு இவையெல்லாம் அற்பமாகத் தோன்றலாம். முன்னிருந்த நிலையை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15 அன்று. அதன்பின் சில ஆண்டுகள் தமிழ்த் தளம் ஒன்றைப் படிப்பது ஒரு தவம்! ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிக் கணினியில் பதிக்க வேண்டும். பின்னர் உலாவியில் எழுத்துக் குறியீட்டைப் ‘பயனர் வரையறுத்தது’ என்று மாற்ற வேண்டும். தவறினால் கொம்பும் குறியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளே திரையை நிரப்பும். மணிக்கணக்கில் காசு கொடுத்து அமரும் இணைய நிலையம் ஒன்றில், எழுத்துரு பதிக்க உரிமையாளர் இசையாமையால், திறந்த பக்கத்தைப் படிக்காமலே எழுந்து வந்ததுண்டு. ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தது. ஆயினும் ‘விண்டோஸ் 2000’ என்னும் இயங்குதளம் ‘லதா’ என்ற எழுத்துருவுடன் வந்த பின்னரே அது மெல்ல மெல்ல வீடுகளை எட்டியது. கோவையில் செம்மொழி மாநாடு கூடிய 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எழுத்துருவைத் தேடி அலையும் வேலை இன்று இல்லை. எஞ்சியிருப்பது நம் விருப்பத்தைக் கருவிக்குச் சொல்லும் வேலை மட்டுமே.

அவ்விருப்பத்தைச் சொல்ல ஓர் இடம் உலாவியிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நாம் ஒரு தளத்தைத் திறக்கும்போதெல்லாம், உலாவி அத்தளத்திற்கு ஒரு சிறு பட்டியலை அனுப்புகிறது. “இவ்வீட்டார் முதலில் இன்ன மொழியை விரும்புகிறார்கள், அது இல்லையேல் இன்ன மொழி” என்பதே அதன் பொருள். தமிழுக்கு அதில் இரண்டெழுத்துக் குறி ‘டி.ஏ.’, கன்னடத்திற்குக் ‘கே.என்.’. நம்மில் பலருடைய கணினிகளில் அப்பட்டியலில் ஆங்கிலம் ஒன்றே இருக்கும். தமிழ் வேண்டும் என்று நாம் சொல்லவே இல்லை; அது எவ்வாறு தரும்? அமைப்புகளில் மொழிகள் என்னும் பகுதிக்குச் சென்று, தமிழைச் சேர்த்து, மேலே ஏற்றி வையுங்கள். இரண்டாமிடம் கன்னடத்திற்கு. நமக்குச் சோறும் தொழிலும் தந்த ஊரின் மொழி அது. மின்கட்டண அறிவிப்பும் நகராட்சிச் செய்தியும் அதில்தான் வரும். மூன்றாவது ஆங்கிலம். இதைச் செய்தால், விக்கிப்பீடியாவின் முகப்பு, 2003இல் தொடங்கிய தமிழ்ப் பதிப்பை நம் கண்ணில் படும்படி எடுத்து வைக்கும். எல்லாத் தளங்களும் இப்பட்டியலை மதிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில தளங்கள் நாம் எவ்வூரில் இருக்கிறோம் என்று பார்த்து, தாமே மொழியை முடிவு செய்துகொள்கின்றன.

உலாவியின் பட்டியல்களையும் பொத்தான்களையும் கூடத் தமிழில் காட்டச் செய்யலாம். பயர்பாக்ஸில் அத்தமிழாக்கம் தன்னார்வலர்களின் உழைப்பு. சில சொற்கள் நாவில் புரள மறுக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் ஆங்கிலம் அறியாத நம் தாய்மார்களுக்கு ‘முடக்கு’, ‘அழி’, ‘சேமி’ என்னும் சொற்கள் போதும்; அஞ்சாமல் தொடுவார்கள்.

இனி, மொழிபெயர்ப்பு என்னும் தொல்லை. உலாவியின் மொழி ஆங்கிலமாக இருந்தால், தமிழ்ப் பக்கத்தைத் திறந்தவுடன், “இதை ஆங்கிலத்தில் மாற்றித் தரட்டுமா?” என்று குரோம் கேட்கும். வீட்டுப் பிள்ளை ஒருமுறை ‘எப்பொழுதும் மாற்றுக’ என்று அழுத்திவிட்டால், அதன்பின் தாத்தா திறக்கும் தமிழ் நாளிதழ் ஆங்கிலத்தில்தான் வரும். எங்கள் நண்பர் ஒருவருக்கு இது நேர்ந்தது. ‘மணி’ என்பவரின் மறைவுச் செய்தியில் அவர் பெயர் ஆங்கிலத்தில் கோவில் மணியாகிவிட்டது. மறைந்தவர் தம் பள்ளித் தோழர் என்பதையே நண்பர் இரண்டு நாள் கழித்துத்தான் அறிந்தார். இதற்கு மாற்று, அதே மொழிகள் பகுதியில் உள்ளது. தமிழை ஒருபோதும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று குறித்துவிடுங்கள்.

மற்றொன்று, அறிவிப்புகள். “அறிவிப்புகள் அனுப்பலாமா?” என்று தளங்கள் கேட்கும்போது முதியோர் மரியாதை கருதியே ‘அனுமதி’ என்று அழுத்திவிடுகிறார்கள்! பின்னர், “உங்கள் கணினியை நோய் தாக்கிவிட்டது, உடனே இதைத் தொடுங்கள்” என்று திரையின் மூலையில் பொய்ச் செய்திகள் மிதந்து வரும். தொட்டவர்கள் பணம் இழந்ததும் உண்டு. தள அமைப்புகளில் அறிவிப்புகளை ஒட்டுமொத்தமாக நிறுத்தி விடுங்கள். பெற்றோருக்குக் கணினி வாங்கித் தரும் பிள்ளைகள் முதல் நாளே செய்ய வேண்டிய பணி இது. பலர் பயன்படுத்தும் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்கும் வசதியையும் அணைத்து வைப்பது நலம்.

சாமுண்டி மலையையோ தசராக் கால அரண்மனை விளக்குகளையோ பின்னணிப் படமாக வைப்பது பற்றியும் பேச வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். அழகுக்குத் தடை சொல்வதற்கில்லை. படத்தின் மேல் எழுத்து மறையாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். கருநிறப் பின்னணி சிலர் கண்ணுக்கு இதம். சிலருக்கு எழுத்து கலங்கும். இரண்டையும் காட்டி, படிப்பவரையே கேளுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் எங்களுக்கு அளித்த நேரம் முடிந்தது. தேநீர் இடைவேளையில் படிப்பக அறையில் இளைஞர் நால்வர் அமர்ந்திருப்பார்கள். கைப்பேசியோ மடிக்கணினியோ எதுவாயினும் கொண்டு வாருங்கள். இங்குச் சொன்னவற்றை உங்கள் கண்முன்னே செய்து தருவார்கள். பெரியவர்களின் கருவியைப் பிள்ளைகள் தனியே எடுத்து வந்தால் பயனில்லை. எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதைப் பெரியவர்களே பார்த்துச் சொல்ல வேண்டும்; ஆகவே அவர்களையும் அழைத்து வாருங்கள், மூக்குக்கண்ணாடியுடன்.